மாடியில் மெஷின் சத்தம்

என் கணவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போன அன்று காலை, எதிர் வீட்டு அக்கா தன் வாசலில் நின்றபடியே, "உங்களுக்கு இன்னா வேணும்னு சொல்லுங்க, வாங்கியாந்து கேட்ல மாட்டிட்டுப் போறேன்" என்று சத்தமாகக் கேட்டார். பால் என்றேன். பிரெட் என்றேன். அப்போது என் தலைக்கு மேலே, மாடியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்ற என் நாத்தனார் குரல் கொடுத்தார்: "செவப்பு நூலு ரெண்டு கண்டு கெடைக்குமான்னு பாரும்மா. எம்பிராய்டரி நூலு. நல்ல ரத்தச் செவப்பா."

எதிர் வீட்டு அக்கா என்னைப் பார்த்தார். நான் தெருமுனையைப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் அங்கே திரும்பி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. உடம்பு முழுக்க மூடியிருந்த இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றியபோது கழன்ற ஒற்றைச் செருப்பு இன்னும் வாசலிலேயே கிடந்தது. அதைக் கையால் எடுக்கலாமா, எடுத்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். தம்பியை மூச்சுத் திணறத் திணறக் கொண்டு போயிருக்கிறார்கள், இந்தப் பெண்மணிக்கு நூல் கேட்கிறதா என்று எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சுடுகிறது.

அவர் என் கணவருக்குப் பத்து வயது மூத்த அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முத்தியால்பேட்டையில் நாங்கள் இருக்கும் வீடு அவர்களுடைய அப்பா கட்டியது. கீழே நாங்கள் இருவர். மாடியில் ஒற்றை அறையும் ஒரு சமையல் மேடையுமாக அண்ணி. நான் கல்யாணமாகி வந்த இரண்டாவது வருடம், மீன் குழம்பில் போடும் புளியைப் பற்றி ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், அண்ணி ஒரு ஸ்டவ் வாங்கி மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு இருபது வருடம் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. "தண்ணி வந்துச்சா", "கேஸ் வண்டி போயிடுச்சா", "அவன் சாப்ட்டானா" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது. சண்டை என்றும் சொல்ல முடியாது. சண்டை போட்டிருந்தால் ஒருநாள் சமாதானமாவது ஆகியிருப்போம்.

முப்பது வருடம் அவர் ஒரு கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் எம்பிராய்டரி வேலை பார்த்தவர். அதைப் 'புரோதெரி' என்றுதான் சொல்வார். மடத்து வயதான சிஸ்டர்கள் பேசிய பிரெஞ்சில் நாலைந்து சொல் அவர் நாக்கில் தங்கிவிட்டிருந்தன. பீடத்துக்கு விரிக்கும் துணி, ஞானஸ்நானக் குழந்தையின் அங்கி, கப்பலேறிப் போகும் மேசை விரிப்பு. முழங்கால் வலி வந்து வேலையை விட்ட பிறகு எம்பிராய்டரியைத் தொடவே இல்லை. தெருப் பெண்கள் நாலு பேருக்கு ரவிக்கை மட்டும் தைத்துக் கொடுப்பார். மத்தியானம் சாப்பிட்டுக் கீழே நாங்கள் படுத்திருக்கும்போது மாடியிலிருந்து கால் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். என் கணவர் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவார்.

கொரோனா இரண்டாவது முறை வந்த அந்த வெயில் காலத்தில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நாளில் தொற்று என்று சொன்னார்கள். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. அண்ணிக்கும் எனக்கும் காய்ச்சல், உடம்பு வலி, நாக்கில் ருசி இல்லை, அவ்வளவுதான். கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு, பதினாலு நாள் வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் எனக்குக் கீழே இருக்க முடியவில்லை. அவர் இருமிய இருமல் அந்த அறையில் இன்னும் இருப்பது போலிருந்தது. தலையணையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். அண்ணி கதவைத் திறந்தார், என் கையிலிருந்த தலையணையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் பாயை எடுத்துப் போட்டார்.

அந்த நாட்களில் நான் எதற்கெல்லாம் பயந்தேன் என்று சொன்னால் இன்று சிரிப்பாக இருக்கும். கேட்டில் மாட்டிய பால் பாக்கெட்டுக்குப் பயந்தேன். குருசுக்குப்பம் பக்கமிருந்து அடிக்கும் கடல் காற்றுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினேன். உள்ளே இருக்கும் காற்றுக்குப் பயந்து திறந்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் எங்கள் தெருவைத் தாண்டிப் போகும்வரை மூச்சு விடமாட்டேன். மாதா கோயிலில் துக்க மணி அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்பதால்தான் என்று எதிர் வீட்டு அக்கா சொன்னார். எல்லாவற்றையும்விட போனுக்குப் பயந்தேன். என் கணவர் தினமும் பதினொரு மணி வாக்கில் கூப்பிடுவார். அவர் என்ன சொல்கிறார் என்பதை நான் கேட்கவில்லை. ஒரு மூச்சில் எத்தனை வார்த்தை சொல்கிறார் என்று எண்ணினேன். முதல் நாள் ஏழு. மூன்றாம் நாள் நான்கு.

மூன்றாம் நாள் அந்த எண்ணிக்கையோடு நான் போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அண்ணி ஒரு துணி மூட்டையை என் மடியில் தூக்கிப் போட்டார். என் கணவரின் பழைய சட்டைகள். அவர் டூவீலர் மெக்கானிக். கிரீஸ் கறை படியாத சட்டை அவருக்கு ஒன்றுகூடக் கிடையாது. கிழிந்து, வண்டி துடைப்பதற்கென்று போட்டு வைத்திருந்ததை எல்லாம் அண்ணி எப்போது சேர்த்தாரோ தெரியாது.

"சும்மா போனையே பாத்துனு இருக்காத. இத சதுரம் சதுரமா வெட்டு. ஒட்டுப் போர்வ தைக்கப் போறேன். அவன் வந்தா போத்திக்கட்டும்."

"கறையா இருக்குதே அண்ணி."

"அதுக்குத்தான் செவப்பு நூலு. கறைக்கு மேல பூ போட்டா யாருக்குத் தெரியும்?"

எதிர் வீட்டு அக்கா எந்தக் கடையில் அரை ஷட்டரைத் தூக்க வைத்து வாங்கினாரோ, இரண்டு நூல்கண்டு முதல் நாள் மாலையே வந்திருந்தது. நான் வெட்டினேன். அண்ணி ஒவ்வொரு சதுரத்திலும் கறை இருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு செம்பருத்தி வரைந்து, அதன் மேல் ஊசியை ஓட்டினார். ஐந்து இதழ், நடுவில் நீண்ட மகரந்தத் தண்டு. எறும்பு வரிசை போலத் தையல் போகும். பூ போட்ட சதுரங்களை மெஷினில் இணைப்பது என் வேலையானது. நடுவே பழைய நூல் புடவையை மடித்து வைத்து, அடியில் என் பச்சைப் புடவையைக் கொடுத்தால் போர்வை ஆகிவிடும். சதுரங்களைத் தரையில் பரப்பி, நீலத்துக்குப் பக்கத்தில் கோடு போட்டதை வைக்கலாமா, காக்கியை வைக்கலாமா என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்போம். "முப்பது வருஷம் வெள்ளத் துணி மேல வெள்ள நூலு போட்டேம்மா. கண்ணே வெள்ளையாப் போயிடுச்சு. இப்பத்தான் ஒரு கலரப் பாக்கறேன்" என்றார் அண்ணி. நூல் வெட்டப் பல்லைப் பயன்படுத்தியதற்காகத் தன்னை முழங்காலில் நிறுத்திய ஒரு சிஸ்டரைப் போல நடித்துக் காட்டினார். நான் சிரித்தேன். சிரிப்பு இருமலாகும். இருமல் வந்ததும் இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைத் தேடுவோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அதில் சந்தோஷமாக இருந்தேன். கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, ஒரு நீலச் சதுரமும் ஒரு பழுப்புச் சதுரமும் மூலை பிசகாமல் சேர்ந்ததற்காக என் மனம் துள்ளியது. ஐந்தாம் நாள் அப்படி ஒரு வரிசையைத் தைத்து முடித்து நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. போனில் அவருடைய அழைப்பு மூன்று முறை வந்து போயிருந்தது. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அன்று முழுக்க எடுக்கவில்லை. மறுநாள் காலை ஒரு நர்ஸ் அவருடைய போனிலிருந்து பேசினார்: வேறு வார்டுக்கு மாற்றியிருக்கிறோம், ஆக்சிஜன் வைத்திருக்கிறோம், பேச முடியாது. என்னிடம் ஏதோ சொல்ல மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார், நான் துணி தைத்துக்கொண்டிருந்தேன். இனி ஊசியைத் தொடமாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ தைக்காம இருந்தா அவனுக்கு மூச்சு வந்துடுமா?" என்றார். "மாதா ஒண்ணும் அவ்ளோ கொடுமக்காரி இல்ல. ஒக்காரு."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? கை சும்மா இருந்தால் மனம் சுடுகாடு வரை போய் வந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அண்ணி முடித்துக் கொடுத்த ஒரு சதுரத்தை மெஷினில் வைக்கப் போனேன். பூவில் ஏதோ சரியில்லை. எண்ணிப் பார்த்தேன். ஆறு இதழ். ஆறாவது இதழ் பாதியில் நின்று, அதன் தையல் ஒன்று நீளம் ஒன்று குட்டையாக, குழந்தை போட்டது போலக் கோணிக்கொண்டு போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணி அடுத்த துணியில் ஊசியைக் குத்தியபடி, அதை இழுக்காமல், சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். உதடு சாம்பல் நிறமாக இருந்தது. அவர் விரலைப் பிடித்து ஆக்சிமீட்டரை மாட்டினேன். எண்பத்து மூன்று. தினமும் அவரே மாட்டிப் பார்த்து அவரேதான் காலண்டரில் எழுதுவார். தொண்ணூத்தாறு, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தாறு என்று வரிசையாக எழுதியிருந்தது.

"எத்தினி நாளா இப்பிடி?"

"நேத்துலேர்ந்துதான்."

"பொய் சொல்லாதீங்க அண்ணி."

"மூணு நாளாச்சு" என்றார். "சொன்னா இட்டுனு போயிடுவாங்க. அங்க ஏற்கெனவே அவன் கெடக்கறான். நானும் பூட்டா, இந்த வூட்டுல நீ ஒத்தையா இன்னா பண்ணுவ? பயந்தே செத்துப் போயிடுவ." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. "எனக்கும் பயமா இருக்குதும்மா. அங்க போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பாக்கல."

ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நேரமானது. எங்கள் மாடிப்படி செங்குத்து, ஸ்ட்ரெச்சர் திரும்பாது. அண்ணி ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். நான் பின்னால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக உட்கார்ந்தேன். கடைசிப் படியில் திரும்பிப் பார்த்து, "துணியில ஊசிய அப்பிடியே வுட்டுடாத. துரு புடிச்சா கறை வுழும்" என்றார். அவர் என்னிடம் நேரில் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

ஐந்து நாள் நான் அந்த வீட்டில் தனியாக இருந்தேன். ஊசியை எடுக்க என் கை வரவில்லை. அதை உருவிவிட்டால் அவர் திரும்பி வந்து தொடர மாட்டார் என்று ஒரு எண்ணம். துரு பிடித்துவிடுமோ என்று ஒரு மணிக்கொருதரம் போய்ப் பார்ப்பேன். பதினாலாம் நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். அண்ணியின் பெயரைச் சொல்லி, அவருக்கு நான் என்ன உறவு என்று கேட்டார். பிறகு, "உங்க கூட யாராவது இருக்காங்களாம்மா?" என்றார். அந்தக் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் போய் ஊசியை உருவினேன்.

எதிர் வீட்டு அக்கா என்னோடு கல்லறைக்கு வந்தார். எங்களைக் கேட் வரைதான் விட்டார்கள். நான்கு பேர் கயிறு கட்டி இறக்கினார்கள். பங்குச் சாமியார் மாஸ்க்குக்குள்ளிருந்து ஜெபம் சொன்னது எங்கள் காதுக்கு எட்டவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்ட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். என் கணவருக்கு அப்போதுதான் ஆக்சிஜனைக் குறைக்க ஆரம்பித்திருந்தார்கள். தன் அக்காவும் ஆஸ்பத்திரிக்கு வந்ததே அவருக்குத் தெரியாது. "இப்ப சொல்லாதீங்கம்மா, வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேறட்டும்" என்று டாக்டர் சொன்னார்.

ஐந்து நாள் கழித்து அவர் வந்தார். பாதி ஆளாக வந்தார். கட்டிலில் உட்கார்ந்ததும் கேட்டார், "அக்கா எங்க?"

"மாடில. அவங்களுக்குத் திரும்பவும் பாசிட்டிவ்னு வந்துருக்குது. பத்து நாள் தனியா இருக்கணுமாம். தொண்ட கட்டிக்கிச்சு, பேசக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க." இவ்வளவு பொய்யை ஒரே மூச்சில் என்னால் சொல்ல முடியும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

அதன் பிறகு அந்தப் பொய்க்கு நான் சோறு போட வேண்டியிருந்தது. தட்டில் இட்லி வைத்து மாடிக்கு எடுத்துப் போவேன். அவர் காதில் விழும்படி, "அண்ணி, கதவாண்ட வெச்சிருக்கேன்" என்பேன். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அதை நானே சாப்பிடுவேன். தொண்டையில் இறங்காது, ஆனால் தட்டு காலியாக இறங்க வேண்டுமே. போனை அவர் கைக்கு எட்டாமல் வைத்தேன். எதிர் வீட்டு அக்காவைக் கண்ணாலேயே கெஞ்சினேன். ஒவ்வொரு முறை அவர் இருமும்போதும், இவருக்கு ஏதாவது ஆனால் கடைசிவரை பொய் சொல்லிய பாவம் என்னோடது, சொல்லி ஏதாவது ஆனாலும் என்னோடது என்று நடுங்கினேன். மூன்றாம் நாள் மத்தியானம், படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அக்கா மெஷின் ஓட்டறதில்லியா?"

"ஓட்டுவாங்களே" என்றேன். பாத்திரம் எடுத்து வருகிறேன் என்று மாடிக்கு ஓடினேன்.

அண்ணியின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவசரத்தில் பெடல் முன்னும் பின்னும் உதைத்தது. அவர் பூ போட்டு வைத்த சதுரங்கள் பதினேழு மீதி இருந்தன. முதல் இரண்டை இணைத்தேன். அன்று முதல் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் மாடியில் மெஷின் ஓடியது. அழுதுகொண்டே ஓட்டினேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் அழுகை முதல் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். பிறகு துணி நகரும், தையல் நேராகும், மனம் லேசாகும். அண்ணியின் மெஷினில், அண்ணி செத்ததை மறைக்க உட்கார்ந்துகொண்டு, எனக்கு அது பிடித்திருந்தது. அப்படிப் பிடித்திருந்ததுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. ஆறு இதழ்ப் பூவை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் ஓரமாக வைத்தேன். கடைசியில் அதை நடுவில் வைத்தே தைத்தேன்.

பதினோராம் நாள் ஒரு மடிப்பைத் திருப்பத் துணியை எடுத்தபோது, வாசற்படியில் அவர் நின்றுகொண்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. எவ்வளவு நேரமாக நின்றாரோ. என்னைப் பார்க்கவில்லை. சுருட்டி வைத்த பாயைப் பார்த்தார், கொக்கியில் தொங்கிய அண்ணியின் ஜெபமாலையைப் பார்த்தார்.

"அக்கா ஓட்டினா நடுவுல நிக்காது" என்றார். "ஒரே இழுப்பா போவும். நீ நாலு தையலுக்கு ஒருக்கா நிறுத்தற."

"எப்பத் தெரிஞ்சுது?"

"நீ ஓட்டின மொத நாளே."

"அப்ப ஏன் கேக்கல?"

அவர் படியில் உட்கார்ந்தார். பதில் சொல்ல அவருக்கு மூச்சு சேர வேண்டியிருந்தது. "கேட்டா நீ நிறுத்திடுவ. சத்தம் கேக்கற வரிக்கும் மேல யாரோ இருக்கற மாரி இருந்துச்சு."

அன்றுதான் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அந்த வாரமே மாதா கோயிலில் அண்ணிக்குப் பூசை வைத்தோம். தெருமுனையில் போஸ்டரும் ஒட்டினோம், மூன்று வாரம் தாமதமாக.

இப்போது அவர் மத்தியானம் வரை பட்டறையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். அதிகம் நடந்தால் மூச்சு வாங்கும். மாடி ஸ்டவ்வை எடுத்துவிட்டேன். அந்த அறையில் இப்போது என் துணிகள்தான் கிடக்கின்றன. பழைய சட்டை, பழைய புடவை என்று தெருவில் கொண்டு வந்து கொடுக்கிறார்கள், போர்வை தைத்துத் தருகிறேன். பூவும் போடுகிறேன், அண்ணி அளவுக்கு வராது. எனக்கு இது பிடித்திருக்கிறது என்று இப்போது வெளியில் சொல்ல முடிகிறது. ஆனால் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் இன்றும் விரல் நுனி சில்லிட்டுப் போகிறது. அவருக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். சாப்பிட்டுக் கீழே படுத்திருப்பார், தூங்குகிறார் என்று நினைப்பேன். மெஷின் நின்று கொஞ்சம் அதிக நேரமாகிவிட்டால் கீழேயிருந்து குரல் வரும்.

"இன்னாச்சு?"

"ஒண்ணுமில்ல" என்று நான் உடனே கத்துவேன். "நூல் கோக்கறேன்."

நான் அவசர அவசரமாகக் கோர்த்து, பெடலை மிதிப்பேன்.